ஓட்டத்துக்கு முன் ஆப்ப சோடா: எவ்வளவு, எப்போது?

கேள்வி: வயது 36, எடை 60 கிலோ. 1500 மீட்டரை 4 நிமிடம் 45 வினாடியில் ஓடுகிறேன். மூன்றாம் சுற்றில் தொடை இறுகிவிடுகிறது. அடுத்த மாதம் அரை மாரத்தானும் இருக்கிறது. ஆப்ப சோடா குடித்துவிட்டு ஓடச் சொல்கிறார்கள். அது ஊக்கமருந்தில் சேராதா? எவ்வளவு குடிக்கலாம்?

பதில்: 1500 மீட்டருக்குக் குடித்துப் பார்க்கலாம். அரை மாரத்தானுக்கு வேண்டாம்.

முழுவேகத்தில் ஓடும்போது தசைக்குள் ஹைட்ரஜன் அயனிகள் குவிந்து அமிலத்தன்மை ஏறுகிறது. கடும் ஓட்டத்தில் தசையில் உண்டாகும் லாக்டேட்டின் மேல் பழி போடுவது பழைய வழக்கம். அது குற்றவாளி இல்லை. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட்; அதைக் குடித்து இரத்தத்தில் பைகார்பனேட் கூடுதலாக இருந்தால் அந்த அயனிகள் தசையை விட்டுச் சீக்கிரம் வெளியேறும். சுமார் 30 வினாடி முதல் 12 நிமிடம் வரையிலான கடும் ஓட்டங்களில்தான் இதனால் பலன். உங்கள் தூரத்தில் இரண்டு மூன்று வினாடி குறைந்தாலே நல்ல லாபம். அரை மாரத்தானில் கால் தளர்வது தசையில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் தீர்வதாலும் வெக்கையாலும் நீரிழப்பாலும். அதற்குச் சோடாவிடம் மருந்தில்லை.

உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப்பட்டியலில் சோடியம் பைகார்பனேட் கிடையாது. பந்தயக் குதிரைக்குத்தான் தடை! மூக்குவழிக் குழாயில் சோடாக் கரைசல் ஏற்றியிருக்கிறார்களா என்று அதன் இரத்தத்தைச் சோதிப்பார்கள்.

அளவு, கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம். உங்களுக்கு 12 முதல் 18 கிராம். கரண்டிக் கணக்கு உதவாது; ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் என்று மட்டும் இருக்க வேண்டும். பேக்கிங் பவுடரில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். சலவை சோடா வேறு பொருள், குடலையே புண்ணாக்கிவிடும்.

காலை 7 மணிக்கு ஓட்டம் என்றால் 4.30க்கு மூன்று நான்கு இட்லியும் வாழைப்பழமும் சாப்பிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சோடா குடிப்பது ஆபத்து. பிறகு 4.45, 5.00, 5.15, 5.30 என்று நான்கு தவணை. 12 கிராம் என்றால் தவணைக்கு 3 கிராம், 150 மில்லி தண்ணீரில் நன்றாகக் கரைத்து. பெரும்பாலும் சொதப்புவது இந்த இடத்தில்தான். மொத்தத்தையும் அரை டம்ளரில் கலக்கி ஒரே மூச்சில் குடித்தால், அடர்ந்த உப்புக் கரைசல் குடலுக்குள் நீரை இழுக்கும். ஓட்டத்துக்கு முன் கழிப்பறை வாசலில் வரிசையில் நிற்பீர்கள். வயிற்று அமிலத்தோடு சோடா சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாவதால் உப்புசமும் ஏப்பமும் வேறு. சுவைக்காக எலுமிச்சை பிழியவும் கூடாது: பொங்கும் நுரையாக வீணாவது நீங்கள் நிறுத்துப் போட்ட பைகார்பனேட்தான். சுவை பிடிக்காதவர்கள் காலி கேப்ஸ்யூலில் அடைத்து விழுங்கலாம். பெரிய அளவு கேப்ஸ்யூலிலும் ஏறத்தாழ ஒரு கிராம்தான் பிடிக்கும், ஆகவே ஒரு டஜனுக்கு மேல் விழுங்க வேண்டியிருக்கும்.

போட்டி நாளன்று முதன்முறையாகக் குடிக்காதீர்கள். கடும் பயிற்சி இருக்கும் இரண்டு நாட்களில் 12 கிராமில் தொடங்குங்கள். வயிறு ஒத்துழைத்தால் மட்டும் 15, பிறகு 18. இரத்தத்தில் உச்சம் வரும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும், ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை ஆகலாம். எந்த இடைவெளியில் கால் லேசாக இருந்தது என்று குறித்துவையுங்கள்.

18 கிராமில் கிட்டத்தட்ட 5 கிராம் சோடியம். இரத்த அழுத்தம், சிறுநீரகம் அல்லது இதயக் கோளாறு உள்ளவர்களும் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் இதைத் தொடவே கூடாது. தினசரி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இரண்டு மூன்று முயற்சியிலும் வயிறு கெட்டால் சோடாவை விட்டுவிட்டு பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் போங்கள். இதுவும் தடைப்பட்டியலில் இல்லை. தசைக்குள்ளேயே கார்னோசின் என்ற பொருளைக் கூட்டி அமிலத்தைத் தாங்க வைக்கும். ஓட்டத்தன்று எடுத்துப் பயனில்லை; நாளுக்கு 3.2 கிராம் வீதம் குறைந்தது 4 வாரம். கலப்படத்துக்காகச் சோதிக்கப்பட்ட முத்திரை உள்ள டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். லேபிளில் இல்லாத சரக்கும் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டவைக்கும். 3.2 கிராமையும் ஒரே வேளையில் எடுத்தால் முகமும் புறங்கையும் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். பயப்பட வேண்டாம், 0.8 கிராமாக நான்கு வேளைக்குப் பிரித்தால் அடங்கிவிடும்.