ஏற்றுமதி கேள்வி–பதில்: சரக்கு கடைசியில் எங்கே இறங்குகிறது?

கேள்வி: ஈத்தாமொழி பக்கம் கயிற்றுக் கால்மிதி செய்கிறோம். லண்டன் வியாபாரி ஒருவர் பல வருஷமாக வாங்குகிறார். பாதியை அயர்லாந்துக்கும் நெதர்லாந்துக்கும் விற்கிறார். இப்போது, “உங்கள் சரக்கால் எனக்கு இரண்டு தடவை வரி விழுகிறது, விலையைக் குறையுங்கள்” என்கிறார். இல்லையென்றால் அந்தப் பாதியை ‘டி.டி.பி. ரோட்டர்டாம்’ என்று போட்டு, அதாவது அந்த நெதர்லாந்துத் துறைமுகத்தில் வரியெல்லாம் எங்கள் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டு, நேராக அனுப்பச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா அண்ணாச்சி?

பதில்: விலையையும் குறைக்க வேண்டாம், டி.டி.பி.க்கும் தலையாட்ட வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது 2020 ஜனவரி 31-இல். அந்த வருஷம் முடியும்வரை பழைய விதியே ஓடியதால் யாருக்கும் வலி தெரியவில்லை. 2021 ஜனவரி 1-இல்தான் இரண்டுக்கும் நடுவே சுங்க எல்லை வந்தது. அதற்கு முன்னால் உங்கள் கால்மிதி பெலிக்ஸ்டோவ் துறைமுகத்தில் இறங்கி ஒரு தடவை வரி கட்டிவிட்டால் டப்ளினுக்குப் போகலாம், ஆம்ஸ்டர்டாமுக்குப் போகலாம், கேட்க ஆளில்லை.

“இரண்டு பக்கமும் வரியில்லா ஒப்பந்தம் போட்டார்களே?” என்று கேட்பீர்கள். போட்டார்கள். ஆனால் அந்தச் சலுகை பிரிட்டனில் உருவான பொருளுக்கும் ஐரோப்பாவில் உருவான பொருளுக்கும் மட்டும்தான். உங்கள் கால்மிதி உருவானது ஈத்தாமொழியில். லண்டன் கிடங்கில் பிரித்து, அவர் கம்பெனி லேபிளை ஒட்டி, புது அட்டைப்பெட்டியில் அடுக்கினாலும் அது இந்தியச் சரக்குதான். பெட்டி மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் உற்பத்தி ஆகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே (கீழே சொல்லும் இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தச் சலுகை கிடைக்காத வரை) பிரிட்டனுக்குள் நுழையும்போது ஒரு வரி, டப்ளினுக்குள் நுழையும்போது இன்னொரு வரி. இரண்டாவது வரி அவர் சரக்கைக் கொண்டுபோகும் வழியால் வருகிறது. அதை உங்கள் தும்பு விலையில் கழிப்பது என்ன நியாயம்?

இப்படிப்பட்ட ஒரு விவகாரத்தின் காகிதங்கள் என் மேஜைக்கு வந்தன. நம் ஊர்க்காரர் கொடுத்த இன்வாய்ஸில் உற்பத்தி நாடு ‘இந்தியா’. லண்டனிலிருந்து டப்ளினுக்குக் கிளம்பிய இன்வாய்ஸில் அதே கட்டத்தில் ‘யுனைடெட் கிங்டம்’. அங்கே சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு கால்மிதியின் முதுகிலும் ‘மேட் இன் இந்தியா’ முத்திரை! அபராதம் லண்டன்காரருக்கு; அடுத்த ஆர்டரை இழந்தது நம் ஆள். அதனால் உங்கள் வியாபாரி அந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்று ஒரு நகல் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

சரி, வழி என்ன? அந்தப் பாதி ஒரு கன்டெய்னர் நிறையும் என்றால், தூத்துக்குடியில் ஏற்றும்போதே தனி பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) போட்டு ரோட்டர்டாமுக்கு விடுங்கள். வரி ஒரே இடத்தில் முடிந்துவிடும். பிரிட்டிஷ் கம்பெனிகள் பலவும் இதற்காகவே நெதர்லாந்தில் கிடங்கு பிடித்துக்கொண்டன. கன்டெய்னர் நிறையாது, லண்டன் வழியாகத்தான் போகவேண்டும் என்றால், அவரை பாண்டட் கிடங்கில் வைக்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் வரி கட்டாமல் அங்கேயே நிறுத்தி, டிரான்சிட் (வரி கட்டாமல் கடந்துபோகும்) காகிதத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் ஐரோப்பிய வரி மட்டும்தான். பொது டிரான்சிட் ஏற்பாட்டில் பிரிட்டன் இன்னும் இருக்கிறது. அயர்லாந்துக்காரர்களோ இன்னொரு படி மேலே போனார்கள். பிரிட்டனுக்குள் லாரி ஓட்டும் பழைய பாதையை விட்டுவிட்டு, 2021 ஜனவரியிலேயே ராஸ்லேரிலிருந்து பிரான்சின் டன்கிர்க்குக்கு ஓட ஆரம்பித்த நேர்க் கப்பலில் ஏற்றினார்கள்.

டி.டி.பி. விஷயம். அப்படிப் போட்டால் அந்த ஊர் சுங்க வரி, வாட், இறக்குமதிப் பொறுப்பு எல்லாம் உங்கள் தலையில். அங்கே இறக்குமதி செய்பவருக்கு இ.ஓ.ஆர்.ஐ. எண் (சுங்கப் பதிவு எண்) வேண்டும். லண்டன்காரரிடம் இருப்பது ‘ஜி.பி.’ என்று தொடங்கும் எண்; ரோட்டர்டாமில் அது செல்லாது. ஒன்றியத்துக்குள் ஒரு எண் எடுத்து, அந்த ஊரில் பதிவான ஏஜென்ட் ஒருவரைப் பொறுப்பேற்கவும் வைக்க வேண்டும். அவருக்கே சிரமமான இந்த வேலையைத்தான் நைசாக ஈத்தாமொழிக்குத் தள்ளுகிறார். எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, அதாவது அங்கே கப்பலில் ஏற்றுவதோடு உங்கள் பொறுப்பு முடியும் என்று நில்லுங்கள். ரொம்ப வற்புறுத்தினால் சி.ஐ.எஃப். ரோட்டர்டாம் (கப்பல் கூலியும் காப்பீடும் உங்களுடையது) வரை இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

லேபிளையும் பாருங்கள். 2024 டிசம்பர் 13 முதல் ஒன்றியத்தில் விற்கும் வீட்டு உபயோகப் பொருளுக்கு, ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல் வேண்டும். லண்டன் முகவரி போதாது. பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சரக்குக்கும் இதே விதிதான், வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது என்றாலும்.

கேள்வி: பிரெக்சிட் எல்லாம் பழைய கதை. இன்னுமா அதைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?

பதில்: விதிகள் தவணை முறையில் வருகிறதே ஐயா. ஐரோப்பாவிலிருந்து பிரிட்டனுக்குள் போகும் இறைச்சி, பால் போன்ற உணவுப் பொருளுக்குச் சுகாதாரச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்ததே 2024 ஜனவரியில். பெட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தது அந்த ஏப்ரலில். அவர்கள் நிறுத்தும்வரை நானும் எழுதுவேன்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறோம். பருப்புக்கும் இந்த இரட்டை வரி உண்டா?

பதில்: இல்லை. தோடு நீக்கிய முந்திரிப் பருப்புக்கு ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் பொது வரியே பூஜ்யம். பூஜ்யத்தை இரண்டு தடவை கட்டினாலும் பூஜ்யம்தான், உற்பத்தி நாட்டுச் சண்டைக்கு அங்கே வேலையில்லை. உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். கடையில் அப்படியே விற்கும் சின்ன பாக்கெட் போடுகிறீர்கள் என்றால், ஒன்றியத்துக்கு ஒன்றிய இறக்குமதியாளர் முகவரி, பிரிட்டனுக்கு 2024 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் முகவரி. பாக்கெட் அச்சடிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அடித்து வந்த ரோலைத் தூக்கிப் போடுவது வயிற்றெரிச்சல். பூச்சிமருந்து எச்ச அளவும் இப்போது இரண்டு தனிப் பட்டியல். லேப் ரிப்போர்ட் எந்தப் பட்டியலுக்கு என்று சொல்லித்தான் சாம்பிளைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தம் வந்துவிட்டதே, இனி காகிதமே வேண்டாமா? (தக்கலை வாசகர்)

பதில்: 2025 ஜூலை 24-இல் கையெழுத்தானது. நம் பொருள்களில் சுமார் 99 சதவீத வரிப் பிரிவுகளுக்கு அங்கே வரி நீங்கும் என்பது அதன் சாரம். கையெழுத்தாவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. எந்தத் தேதியிலிருந்து என்பதை டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) அறிவிப்பில் பார்த்துத்தான் விலை பேச வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து அல்ல. காகிதம் கூடத்தான் செய்யும். பொருள் இந்தியாவில்தான் உருவானது என்று காட்டினால்தானே சலுகை? வெளிநாட்டு மூலப்பொருள் சேர்த்துச் செய்கிறவர்கள் கொள்முதல் பில்களை இப்போதே ஃபைல் போட்டு வையுங்கள்.

கேள்வி: வடசேரியில் கோயில் நகை செய்கிறோம். பரதநாட்டிய செட்டுகளைத் தபாலில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் அனுப்புகிறேன். பாரிஸில் மட்டும் வாங்கியவர்களிடம் பணம் கேட்கிறார்களாம். ஏன்?

பதில்: இரண்டு ஊருக்கும் இப்போது இரண்டு வாட் கணக்கு. பிரிட்டனில் 135 பவுண்டு வரையுள்ள பார்சலுக்கு, விற்கும்போதே வாட் வசூலித்து அங்கே கட்டவேண்டியவர் விற்பவர்தான். ஆன்லைன் சந்தைத் தளம் வழியாக விற்றால் தளமே கட்டிவிடும். நீங்கள் அப்படித்தான் விற்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் லண்டனில் சத்தமில்லை. ஒன்றியத்தில் 22 யூரோவுக்குக் கீழே இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1-இல் போய்விட்டது. 150 யூரோ வரை ஐ.ஓ.எஸ்.எஸ். (விற்கும்போதே ஒன்றிய வாட்டை வசூலித்துக் கட்டும் ஏற்பாடு) பதிவு எண்ணோடு போனால் வாசலில் வாட் கேட்கமாட்டார்கள். எண் இல்லாவிட்டால் தபால்காரர் வாட்டோடு கையாளும் கட்டணமும் சேர்த்து வாங்குவார். மாதம் நாலைந்து பார்சலுக்காக நீங்களே பதிவு எடுப்பது கட்டுப்படியாகாது. பாரிஸுக்கும் தளம் வழியாகவே விற்றுவிடுங்கள், அல்லது வாங்குபவரிடம் இந்தச் செலவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், பெட்டி மேல் ‘கிஃப்ட்’ என்று எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். காசு வாங்கி விற்ற ஒட்டியாணம் பரிசு ஆகாது. உள்ளே இருக்கும் பில்லே காட்டிக்கொடுத்துவிடும்.