கரண்ட் போனால் மாடி சோலாரில் ஃபேன் ஓடுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது. 3 கிலோவாட் சோலார் போட்டால் பேட்டரி இல்லாமலே கரண்ட் கட்டிலும் ஃபேன் ஓடும் என்கிறார் ஓர் ஏஜென்ட். பேட்டரிக்கும் மானியம் உண்டு என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பாதீர்கள். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடுவது, லைனில் கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். உச்சி வெயிலாக இருந்தாலும் சரி. கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனை உங்கள் மாடிக் கரண்ட் அடித்துவிடக் கூடாதே! மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். பேட்டரிக்குக் காலணா கிடையாது.

உங்களுக்கு 3 கிலோவாட்டே அதிகம். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும்; 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480. நிழல் விழாத 200 சதுர அடி போதும். வீட்டில் பழைய இன்வெர்ட்டர் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கரண்ட் போனால் அதன் 150 ஏஎச் பேட்டரி இரண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பை நாலு மணி நேரம் தாங்கும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) இருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. 5 லிட்டர் மெஷின் 350 வாட் வரை இழுக்கும். அந்தப் பழைய பேட்டரி இரண்டரை மணி நேரம்கூட நிற்காது. அப்போது தொடக்கத்திலேயே, சோலாரையும் பேட்டரியையும் சேர்த்து நடத்தும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். பிறகு மாற்றினால் இரட்டைச் செலவு. 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் பேட்டரியில் 5 யூனிட் நிற்கும், முழு சார்ஜ் இருந்தால் மெஷின் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். பேக்கப் லைனில் மோட்டார், கீசர், ஏசி எதுவும் சேரக் கூடாது. சோலார் மாட்ட வருபவர்கள், பில்லை மிச்சம் பிடிக்கிறோம் என்று ராத்திரியில் பேட்டரியைக் காலி செய்கிற செட்டிங்கில் விட்டுப் போவார்கள். 80 சதவீதமாவது எப்போதும் இருப்பில் நிற்கும்படி மாற்றச் சொல்லுங்கள். தகரக் கொட்டகையில் பேட்டரியை வைக்காதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

பணத்தில்தான் ஏமாற்று அதிகம். மானியம், வேலை முடிந்து ஆய்வும் ஆன பிறகு விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்குக்கே வரும். ‘மானியத்தைக் கழித்துதான் விலை சொல்கிறேன்’ என்று வெற்றுக் காசோலை கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள். ஓடிபி சொல்லாதீர்கள். பேனல் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம். நம் நெல்லைப் பக்கம் கங்கைகொண்டானிலேயே செல் தயாராகும்போது வெளிநாட்டுச் சரக்கை ஏன் தலையில் கட்டுகிறார்கள்? லாபம்தான். பேனலின் சீரியல் எண் பில்லில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம். எல்லாமே ஆன்லைன் என்று விளம்பரம் மட்டும் குறைவில்லை. பெயர் மாறுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். அப்புறம், உள்ளே வரும் கரண்டையும் வெளியே போகும் கரண்டையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீட்டருக்குக் காத்திருக்க வேண்டும். ‘அதுவரை சும்மா ஆன் பண்ணி வைங்க’ என்பார் ஏஜென்ட். செய்யாதீர்கள். பழைய மீட்டர்களில் பல, வெளியே போகும் கரண்டையும் நீங்கள் செலவழித்ததாகவே எண்ணும், பில் ஏறும். புது மீட்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.