செடி வந்தது, கிழங்கு வரவில்லை

கேள்வி: ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே உருளைக்கிழங்கை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பிறகும் 200 வருடம் அதைத் தொடாமல் பஞ்சத்தில் செத்திருக்கிறார்களே, அங்கத்திய விவசாயிகள் அவ்வளவு மூடநம்பிக்கைக்காரர்களா? பிரான்ஸில் பார்மான்தியே என்ற மருந்தாளர் வயலுக்குக் காவல் போட்டு ஆசை காட்டித்தானே சாப்பிட வைத்தார்?

பதில்: விவசாயியை முட்டாளாக்கும் கதை என்றால் எல்லோருக்கும் இனிக்கிறது. தொழுநோய் வரும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் மாதக்கணக்கில் பாடுபட்டுத் தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நாலு கிழங்கு வருகிறது என்றால், மறுவருடம் அதையே நடுவதற்கு நீங்கள் தயாரா?

தென் அமெரிக்காவில் பெரு-பொலிவியா எல்லையிலுள்ள டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய ஆண்டிஸ் மலைகளில் பழகிய பயிர் இது. அங்கே எந்த மாதமும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். இரவு நீண்டால்தான் அந்த ரகங்கள் கிழங்கு கட்டும். வட ஐரோப்பாவில் கோடைப் பகல் 16 மணி நேரம். செடி தழைத்தது, பூத்தது, காய்கூடப் பிடித்தது, மண்ணுக்கடியில் ஒன்றுமில்லை. செப்டம்பர் கடைசியில் பகல் சுருங்கிக் கிழங்கு இறங்க ஆரம்பித்தால், பின்னாலேயே உறைபனி வந்து இலையைக் கருக்கிவிடும். உறைபனி தாமதமாக வரும் அயர்லாந்து மற்றவர்களை முந்திக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இதைச் சரிசெய்தது யார்? கிழங்கை வெட்டி நட்டால் தாய்ச்செடியின் அச்சுதான் வரும். காயிலுள்ள விதையைத் தூவினால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு குணம். அவற்றில் சீக்கிரம் கிழங்கு கட்டியதை எடுத்துவைத்து, மற்றதைக் கழித்துக் கழித்துத்தான் நீண்ட பகலுக்கு ஏற்ற ரகம் உருவானது. தெற்குச் சிலியின் ரகங்களும் பிற்பாடு கலந்தன. இதன் பின்னாலுள்ள மரபணுவை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டது 2013இல். பொறுக்கி எடுத்தவர்கள் அதற்கு வெகுகாலம் முந்தியவர்கள்.

பயமும் முழுக்கப் பொய்யில்லை. வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்த கிழங்கில் சோலனைன் என்ற நஞ்சு ஏறும், வேகவைத்தாலும் போகாது. செடியில் பிடிக்கும் காயும் விஷம்.

அடுத்தது சேமிப்பு. கோதுமையைக் காயவைத்துக் களஞ்சியத்தில் போட்டால் வருடம் தாண்டும். உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். சில மாதத்தில் முளைவிடும், உறைந்தால் அழுகும். ஆண்டிஸ்காரர்கள் இதற்கு 'சூன்யோ' செய்தார்கள்: சிறு கிழங்குகளைத் தரையில் பரப்பிச் சில இரவுகள் பனியில் உறையவிட்டு, பகலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் சருகாகக் காயவைப்பது. பல வருடம் கெடாது. கடும் பனி இரவும் சுள்ளென்ற பகல் வெயிலும் வறண்ட காற்றும் ஒன்றுசேர வேண்டும். ஐரோப்பியக் கடற்கரை ஈரத்தில் அது நடக்கிற காரியமில்லை. ஸ்பானியர்கள் கிழங்கைத்தான் கொண்டுபோனார்கள், அந்த மலையை அல்ல.

பார்மான்தியே உழைத்தவர்தான். ஏழாண்டுப் போரில் (1756–63) ஜெர்மானிய அரசான பிரஷ்யாவிடம் கைதியாகிக் கிழங்கு தின்று உயிர்பிழைத்தார். 1772இல் பாரிஸ் மருத்துவ ஆசிரியர் குழு 'தின்னலாம்' என்று சொன்னதற்குப் பின்னால் அவர் உழைப்பு உண்டு. ஆனால் காவல் போட்ட கதை 1780களைச் சேர்ந்தது. அதற்கு முன்பே கிழங்கைப் பரப்பிய பெரிய ஆசிரியர் போர். களஞ்சியத்துத் தானியத்தைச் சிப்பாய்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்; மண்ணுக்குள் கிடப்பதைத் தோண்ட அவசரப் படைக்கு நேரமிருக்காது. பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக் 1756இல் பயிரிடச் சொல்லி ஆணையே போட்டார். சிப்பாய்களும் பிறகு தோண்டக் கற்றுக்கொண்டார்கள் என்பது வேறு. 1778இல் பிரஷ்யப் படையும் ஆஸ்திரியப் படையும் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) சண்டையைவிடத் தீனி தேடுவதிலேயே மும்முரமாக இருந்ததால், அந்தப் போருக்கே 'உருளைக்கிழங்குப் போர்' என்று பெயர் விழுந்தது. பாரிஸ் வயலில் காவல் நிற்பதற்கு முன்பே பொஹீமியாவில் கிழங்கை நட்டு வைத்திருந்தவர்கள், நீங்கள் கேள்வியில் திட்டிய அதே ஆட்கள்தான்.