குறுக்குத்துறையில் அரிவாள் காட்சி: கல்லூரிக் கடிதம் போதுமா?

திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைப் படித்துறையில், ஒருவர் அரிவாளோடு ஓடும் காட்சியை மாணவர் படத்துக்காக எடுக்கக் கல்லூரிக் கடிதம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்தக் கடிதம் நீங்கள் மாணவர் என்பதற்குத்தான் சான்று. பொது இடத்தில் அரிவாளோடு ஓடுவதற்கு அனுமதி ஆகாது. நாள், நேரம், இடம், நடிப்பவர்கள் பெயர், கையில் இருப்பது போலி ஆயுதம் என்ற விவரம் எல்லாவற்றோடும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்து, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். படித்துறை கோயிலைச் சேர்ந்தது என்றால் கோயில் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும்.

போன வாரம் யாரோ போலீசைக் கூப்பிட்டது வேண்டாத வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கேமராவை மண்டபத்துக்குள் மறைத்து வைத்ததுதான் காரணமாக இருக்கும். குளிக்க வந்தவர் கண்ணில் பட்டது அரிவாளும் ஓடும் ஆளும் மட்டுமே. நம் ஊரில் அதைப் பார்த்துவிட்டு யார் சும்மா நிற்பார்கள்?

அடுத்த முறை ஒருவரை நூறு அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கேமராவும் 'படப்பிடிப்பு' என்ற பலகையும் அவருக்குத் தெரிகின்றனவா என்று கேளுங்கள். அரிவாளை அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டினால் போதும். பாசி பிடித்த படியில் விழுந்தால் மழுங்கிய இரும்பும் கிழிக்கும்.

ஆற்றில் இறங்கும் காட்சிக்கு மட்டும் எந்த அனுமதியும் காப்பாக வராது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் தாமிரபரணியின் மட்டம் உயரும். அன்று காலையில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் வேறு வேலையின்றிக் கரையில் நிற்கட்டும்.