தீம் பார்க் ராட்டினங்களில் இத்தனை பிடிமானம் தேவையா?

தோள் பிடிமானத்துக்கு மேல் ஒரு பெல்ட்டும் மாட்டுகிறார்கள், ஜாலியே போய்விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூரிலிருந்து சென்னை, பெங்களூரு பார்க்குகளுக்குப் போய்வரும் பலரும் இதையேதான் சொல்கிறார்கள்.

அந்தப் பெல்ட் வேண்டும். 2022-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், உச்சியிலிருந்து கீழே விழும் ராட்டினத்தில் 14 வயதுப் பையன் நழுவி விழுந்து இறந்தான். தோள் பிடிமானம் பூட்டித்தான் இருந்தது. ஆனால் அதற்கும் இருக்கைக்கும் இடைவெளி அதிகம். தனி பெல்ட்டும் இல்லை. அடுத்த ஆண்டே ஃபுளோரிடா, 100 அடிக்கு மேலிருந்து விழும் ராட்டினங்களுக்குப் பெல்ட்டையும் கட்டாயமாக்கியது.

அதற்காக மக்கள் புகார் பொய்யில்லை. வளைவில் தோள் பிடிமானம் காதோரம் இடிக்கும். குள்ளமானவர்களுக்குக் கழுத்தை உரசும். தொடையை மட்டும் அழுத்தும் கம்பி இதைவிடச் சுகம்; சரியாக வடிவமைத்தால் பாதுகாப்பும் குறையாது. அப்புறம், வயிற்றை உப்பவைத்துக்கொண்டு கம்பியைத் தளர்வாகப் பூட்டச் செய்வது பெரிய ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

குடியாத்தம் சிரசுத் திருவிழா ராட்டினமானாலும் சரி, பிள்ளையை ஏற்றும்போது கொக்கி விழுந்திருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.