பிரதியில் யார் கையெழுத்து?

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த என் அப்பா 1970களில் தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் ரப்பர்ப் பால் நிறுப்பதையும் திருவிழாவையும் படமெடுத்து வைத்திருக்கிறார். இப்போது அங்கே லயம் இல்லை, செம்பனைதான். அப்பாவும் இல்லை. நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, நல்ல தாளில் அச்சிட்டு விற்கப் போகிறேன். அவர் கையெழுத்தை நானே போடலாமா? எந்தப் பேனா நல்லது? எண் போட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

அப்பாவின் கையெழுத்தைப் போடாதீர்கள். பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் வாங்குகிறவர், அவரே அச்சிட்டுச் சரிபார்த்த பிரதி என்றுதான் நினைப்பார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1958இல் இறந்த பிறகு, அவருடைய நெகட்டிவ்களிலிருந்து மகன் கோல் வெஸ்டன் பிரதிகள் போட்டார். நெகட்டிவ் எட்வர்டுடையது, பிரதி கோல் போட்டது என்று பின்புறத்தில் குறித்து, தன் கையெழுத்தையே போட்டார். அப்பா போட்ட பிரதிக்கு ஒரு விலை, மகன் போட்டதற்கு ஒரு விலை. யாரும் ஏமாறவில்லை.

நீங்களும் வெள்ளை ஓரத்தின் பின்பக்கத்தில் அப்பா பெயர், தோட்டம், எடுத்த ஆண்டு. கீழே உங்கள் பெயர், அச்சிட்ட ஆண்டு, தாள், மை என்று எழுதுங்கள். எடுத்த ஆண்டு நிச்சயமில்லையா, '1970கள்' போதும். படத்தில் இருப்பவர்கள் யாரென்று தெரிந்தால் அவசியம் எழுதுங்கள். கையெழுத்தைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வெறும் 'தோட்டத் தொழிலாளி' என்று போட்ட படங்கள் போதுமான அளவு வந்துவிட்டன.

மேட் தாள், பஞ்சுத் தாள் என்றால் பென்சில்தான், அழுத்தாமல். மங்காது, தாளையும் கெடுக்காது. பளபளப்புத் தாளுக்குப் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு உண்டு, பென்சில் பிடிக்காது. அதற்கு அமிலமில்லாத பிக்மென்ட் (நிறமி) மைப் பேனா. மை நன்றாகக் காயும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் நேரமாகும். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும், மார்க்கர் ஊறும். பசை லேபிளைப் பிரதியின் மேல் ஒட்டவே கூடாது. படச்சட்டத்தின் பின்பலகையில் ஒட்டலாம். ஆனால் சட்டம் மாற்றினால் லேபிளும் போய்விடும், அதனால் பிரதியிலும் எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் எண். 3/25, அதாவது 25 பிரதிகளில் மூன்றாவது, என்று போட்டால் 25க்கு மேல் அச்சிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அந்த லயத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தேடி வரக்கூடும். தன் பாட்டி இருக்கும் படத்தைக் கேட்டு வருகிறவரிடம் தீர்ந்துவிட்டது என்பீர்களா? எண் வேண்டாம். எந்தப் பிரதி யாருக்கு, எப்போது கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.