கிழக்குக் கடலோரமா ட்ரிப் போனா ராத்திரி எங்க தங்கலாம்? மலையகத்து ஆட்களோட கேள்விகளுக்கு பதில்

இலங்கை மலையகத்துல ஹட்டன்ல இருந்து ஃபேமிலி ட்ரிப் வேன் ஓட்டி 14 வருஷம் ஆச்சு, அதுல கிழக்குப் பக்கம்தான் அதிகம். பொத்துவில்ல கடலப் பிடிச்சு மட்டக்களப்பு, பாசிக்குடா, திருகோணமலைனு ஓரமாவே போய் ஹபரண, தம்புள்ள, கண்டி வழியா வீட்டுக்கு வர்ற ரவுண்டப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

ராகலை அக்கா: அஞ்சு ராத்திரி கைல இருக்கு, தினம் ஒரு ஊர்ல தங்கிப் பாத்துறலாமா?

வேணாம் அக்கா. பொத்துவில்ல ஒரு ராத்திரி, பாசிக்குடால ரெண்டு, திருகோணமலைல ரெண்டு, போதும். தினம் ஒரு ஊருன்னா காலைல பேக் கட்டுறதும் ராத்திரி அவுக்குறதுமாவே லீவு முடிஞ்சிரும், பிள்ளைகளுக்கு கடைசில எந்த ஊர்ல என்ன பாத்தோம்னே ஞாபகம் இருக்காது. நான் ஒரு இடத்துல தங்கலாமா வேணாமானு பாக்குறது இப்படித்தான்: சாயங்காலம் நாலு மணிக்குள்ள போய் சேர முடியுதா, சேந்தப்புறம் ரூம்ல இருந்து நடந்தே போற தூரத்துல ஏதாச்சும் இருக்கா, விடியக்காலைல எந்திரிச்சுப் பாக்க ஏதாச்சும் இருக்கா. பொத்துவில், அறுகம்பே பக்கம் அந்தக் காலை இருக்கு பாருங்க, நம்ம ஊர்ல சூரியன் மலைய ஏறி மிஸ்ட்ட தாண்டி வர்றதுக்கு எட்டு மணி ஆயிரும், அங்க தண்ணிக்குள்ள இருந்து நேரா செவப்பா எந்திரிச்சு வரும், அந்த நேரத்துல மீன் போட்டெல்லாம் கரைக்கு வந்து மணல்ல ஏத்துவாங்க. அஞ்சரைக்கே பிள்ளைகள எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க.

மஸ்கெலியா தம்பி: தோட்டத்துல தீபாவளி அட்வான்ஸ் காசு வந்ததும் கெளம்பலாம்னு இருக்கோம்.

தம்பி, அந்தக் காசப் பத்திரமா வச்சிருங்க. தீபாவளி டைம்ல கிழக்குல மழை தொடங்கிரும், நவம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் வடகீழ் பருவமழைல கடல் கொந்தளிப்பா இருக்கும், இறங்கவே முடியாது. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் நம்ம பக்கம் கொட்டோ கொட்டுனு கொட்டுற நேரத்துலதான் அங்க கடல் குளம் மாதிரி கெடக்கும். ஆகஸ்ட் ஸ்கூல் லீவு சரியா வரும், ஆனா போயா (பௌர்ணமி லீவு) சேந்த வாரம்னா ரூம் முன்னாடியே சொல்லி வைங்க. ஜனவரிலதான் போக முடியும்னா கிழக்க விட்டுட்டு காலி, மாத்தறை பக்கம் போங்க.

பண்டாரவளை வாசகர்: மேப்ல கதிர்காமத்துல இருந்து பொத்துவில் பக்கத்துலயே இருக்கு, கடலோரமாவே போயிறலாமா?

முடியாதுங்க. நடுவுல யால, குமணனு மிருகங்க இருக்கிற காடு கெடக்கு. கதிர்காமம் பாதயாத்திரை போற சனம் அந்தக் காட்டு வழியா நடந்து போவாங்க, நம்ம வேன் புத்தள, மொனராகலை, சியம்பலாண்டுவனு சுத்தித்தான் போகணும்.

தலவாக்கலை அண்ணன்: ஒரே நாள்ல பொத்துவில் போயிரலாமா?

போயிரலாம் அண்ணே, விடியக்காலை நாலரை அஞ்சுக்கு கெளம்பினா. எல்லயில இருந்து வெல்லவாய இறக்கத்துல சின்ன கியர்லயே வாங்க, அது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அதுக்கப்புறம்தான் கவனம், நம்ம ரோட்டுல ஒரு நிமிஷம் ஸ்டேரிங்க நேரா பிடிக்க முடியாது, அங்க ஒரே நேர் ரோடு, மதிய வெயில், சோறும் தின்னிருப்பீங்க, கண்ணு தானா சொக்கும். மொனராகலைல அரை மணி நேரம் நிப்பாட்டி பிளேன்டீ குடிங்க. லாகுகலைய அஞ்சு மணிக்குள்ள தாண்டிரணும், அது யானைக்காடு. ஒரு தடவ எல்லயில போட்டோ எடுத்தே நேரம் போயி லாகுகலைல இருட்டிருச்சு, வளைவுல லைட் அடிச்சா ரோட்டுக்கு நடுவுல ஒத்த யானை. எஞ்சின ஓட விட்டு லைட்ட கொறச்சுக்கிட்டு இருபது நிமிஷம் அப்படியே இருந்தோம், பின்னாடி சீட்ல ஒரு புள்ள அம்மா சேலைக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு சத்தமே வராம அழுதுச்சு. லேட்டாயிருச்சுன்னா மொனராகலைலயே தங்கிருங்க, ரூம் காசு போனாப் போகட்டும்.

புஸ்ஸல்லாவ தங்கச்சி: அப்பாயிக்கு 72 வயசு, கடல் பாத்ததே இல்ல. எங்க இறக்கலாம்?

பாசிக்குடாதான்மா. ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேல ஏறாது, அலையும் லேசு. கொழுந்து எடுத்தே காலம் போன அம்மா ஒருத்தங்கள அங்க கூட்டிட்டுப் போனேன், கணுக்கால் தண்ணில நின்னு, மண்ணு காலுக்கு அடில ஓடுதுடா ஓடுதுடானு என் கையப் பிடிச்சவங்க அரை மணி நேரம் விடல. இதுக்குத்தான் அங்க ரெண்டு ராத்திரி சொல்றேன். காலைல ஒம்பது மணிக்குள்ளயும் சாயங்காலம் நாலுக்கு மேலயும் இறக்குங்க, நடுவெயில் நம்ம குளிர் ஒடம்புக்கு ஆகாது.

ஹப்புத்தளை வாசகர்: மட்டக்களப்புல தங்கவே வேணாமா?

பௌர்ணமிக்கு போறீங்கன்னா தங்குங்க, கல்லடிப் பாலத்துக்கிட்ட மீன் பாடுறதக் கேக்க தோணில போவாங்க, துடுப்ப தண்ணில விட்டு மறுமுனைல காத வச்சுக் கேப்பாங்க. மத்தபடி பாசிக்குடா 35 கிலோமீட்டர் போலதான், பகல்ல பாத்துட்டு போயிரலாம்.

பதுளை தம்பி: திருகோணமலைக்கு ரெண்டு ராத்திரி எதுக்கு?

ஒரு நாள் கோணேஸ்வரமும் கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும், கோணேஸ்வரம் போற வழில கோட்டைக்குள்ள மான் பக்கத்துலயே வந்து நிக்கும், பொலித்தீன் மட்டும் போட்டுராதீங்க, அத அதுங்க தின்னுரும். அடுத்த நாள் நிலாவெளி, புறா தீவு. பாசிக்குடால இருந்து வாகரை, மூதூர் வழியா வர்ற ரோடு நல்ல ரோடு, முந்தி தண்ணியத் தாண்ட ஃபெர்ரிதான், 2009ல கிண்ணியா பாலம் 396 மீட்டருக்கு கட்டினாங்க, மத்த பாலங்களும் வந்தப்புறம் நேரா வந்துரலாம். வாழைச்சேனைலயே டீசல் அடிச்சுக்கோங்க. திரும்பி வர்றப்ப கந்தளாய், ஹபரணவ வெளிச்சத்துலயே தாண்டிருங்க, அங்கயும் யானை.

நோர்வூட் வாசகர்: ரூம் புக் பண்றப்ப என்ன கேக்கணும்?

நுளம்பு வலை இருக்கா, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா, குளிக்கிற தண்ணி உப்பா நல்ல தண்ணியா. அப்புறம் டிரைவருக்கு கட்டில் இருக்கா. இத நான் டிரைவர்ங்கறதுக்காக சொல்லல, ராத்திரி பூரா வேன் சீட்ல நுளம்புக்கடில பெரண்டுட்டு காலைல ஆறு மணிக்கு உங்க பிள்ளைகள வச்சு ஓட்டப் போறது அந்த ஆள்தான். தனி ரூம் இல்லாட்டியும் ஒரு பாயும் ஃபேனும் இருந்தா போதும், புக் பண்ற போன்லயே கேட்டு முடிச்சிருங்க.